பக்கத்து வீட்டுப் பெரியவர் குடுத்துட்டுப் போன கிட்டார், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல ஒரு பெரியவர் இருந்தார், சாயங்காலம் ஆனா வாசல்ல சேர் போட்டு உக்காந்து கிட்டார் வாசிப்பார். கச்சேரி மாதிரியெல்லாம் இல்ல, ஒரே பாட்ட நாலு விதமா வாசிச்சுப் பாப்பார், நடுவுல நிறுத்திட்டு போறவங்க வர்றவங்ககிட்ட பேசுவார், அப்புறம் விட்ட எடத்துலேருந்து மறுபடி ஆரம்பிப்பார். எங்க தெருப் பசங்க பாதிப் பேருக்கு ஒரு வாத்தியத்தோட நெஜ சத்தம் காதுல விழுந்ததே அவராலதான். இப்ப தெருவே ஆள் அடையாளம் தெரியாம மாறிடுச்சு, தனி வீடெல்லாம் ஒண்ணொண்ணா இடிச்சு அடுக்குமாடி ஆக்கிட்டாங்க, அவரும் வீட்டக் குடுத்துட்டு மக வீட்டோட போய்ட்டார். போறப்ப "கேட்டுக்கிட்டே வளந்தவன் நீ, நீயே வச்சுக்கப்பா"ன்னு கிட்டார என் கையில குடுத்துட்டுப் போனார். நானும் இப்ப அதே தெருவுல ஒரு ஃப்ளாட்லதான் இருக்கேன்.

கிட்டாரோட நெலம என்னன்னா, ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக், கம்பியெல்லாம் கறுத்து சொரசொரன்னு இருக்கு. நெக்ல, அதாவது கிட்டார் கழுத்துல, குறுக்க பதிச்ச ஃப்ரெட்டுங்கற உலோகப் பட்டைங்க மேல லேசா பச்சை படிஞ்சிருக்கு. நெக் ஓரத்துல கைய ஓட்டினா ஃப்ரெட் முனை குத்துது. மேல மூணு ஃப்ரெட்டுல கார்டு (பல ஸ்வரம் சேந்து ஒலிக்கற பிடி) புடிச்சா பரவால்ல, கீழ எறங்க எறங்க சுருதி விலகிப் போகுது, பன்னெண்டாவது ஃப்ரெட்டு பக்கம் கம்பி ரொம்ப ஒசரம், விரல் வலிக்குது.

கம்பி மட்டும் மாத்துனா போதுமா இல்ல ரிப்பேர்காரர்கிட்ட குடுக்கணுமா? இன்னொண்ணு, எங்க ஃப்ளாட்ல பக்கத்து வீட்டோட பொதுச் சுவர், சுவத்துல ஃபோம் ஒட்டினா சத்தம் அந்தப் பக்கம் போகாதுன்னு சொல்றாங்க, உண்மையா? இந்த கிட்டார் பீரோவுக்கு மேல தூசி புடிச்சு கெடக்கக் கூடாது, வாசிக்கணும், அதான் கேக்கறேன்.

பதில் 1:

ப்ரோ, மொதல்ல கம்பி. மத்ததெல்லாம் அப்புறம். பழைய கம்பிய வச்சுக்கிட்டு கிட்டார் நல்லா இருக்கா இல்லையான்னு முடிவே பண்ண முடியாது. தடிச்ச நாலு கம்பியும் உள்ள ஒரு இரும்பு, அது மேல வெண்கலக் கம்பி சுத்துனது, அந்தச் சுத்துக்கு நடுவுல வியர்வையும் அழுக்கும் போய் ஒக்காந்துக்கும். அப்ப கம்பியோட எடை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, அதனால மேல் ஸ்வரங்கள் சரியா சேராது, சத்தம் மந்தமாயிடும், கீழ் ஃப்ரெட்டுல சுருதியும் நிக்காது. நீங்க சொல்ற சுருதிப் பிரச்சனைல ஒரு பங்கு இதாலயே இருக்கும்.

கம்பி மாத்துறதுக்கு முன்னாடி ப்ரிட்ஜ் பாருங்க, அதான் முன் பலகை மேல ஒட்டின, கம்பி மாட்டற கட்டை. ப்ரிட்ஜோட பின் பக்கம் ஒரு மெல்லிசு பேப்பர நுழைச்சுப் பாருங்க, உள்ள போச்சுன்னா பசை விட்டுருக்குன்னு அர்த்தம், அப்ப புதுக் கம்பி போட்டு இழுக்காம நேரா ரிப்பேருக்கு குடுத்துடுங்க. சாதாரண லைட் செட், அதாவது 12லேருந்து 53 வரை உள்ளது (கம்பித் தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு), முழு சுருதில மொத்தம் 70 கிலோவுக்கு மேல இழுக்கும், ராத்திரி பகலா அந்த பாரத்ததான் ஒரு மெல்லிசு பலகை தாங்கிட்டு நிக்குது. வயசான கிட்டாருக்கு நான் 11 செட்டுதான் போடுவேன், விரலுக்கும் சுகம் பலகைக்கும் சுகம்.

ஒரேயடியா எல்லாக் கம்பியும் கழட்டக் கூடாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, தொடச்சு முடிக்கற நேரத்துல ஒண்ணும் ஆகாது, தைரியமா கழட்டுங்க. ஃப்ரெட்டு பச்சைக்கு பயப்படாதீங்க, ஃப்ரெட் உலோகத்துல செம்பு இருக்கு, அதான் பச்சை. மரத்து மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு நாலு சைபர் (0000) ஸ்டீல் உல், அதாவது ரொம்ப மெல்லிசான இரும்பு நார்ல லேசா தேய்ச்சா பளிச்சுனு வந்துடும்.

பதில் 2:

ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதிச்ச பலகை) காஞ்சிருந்தா லெமன் ஆயில் நல்லா ஊத்தி ஊற விடுங்க. பழைய கிட்டாருக்கு அதான் உயிர்.

பதில் 3:

மேல சொன்ன நண்பருக்கு, ஊத்தி ஊறவெல்லாம் விடக் கூடாதுங்க. கடையில லெமன் ஆயில்னு விக்கிறது பெரும்பாலும் மினரல் ஆயில்ல வாசனை சேத்ததுதான், ரோஸ்வுட் எபனி மாதிரி பாலீஷ் போடாத மரத்துக்கு நாலஞ்சு சொட்டு துணியில எடுத்து தடவி உடனே தொடச்சிடணும், அதுவும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ போதும். லேக்கர் அடிச்ச மேப்பிளா இருந்தா எண்ணெயே வேண்டாம்.

கேட்டவருக்கு வர்றேன். ஃப்ரெட் முனை குத்துதுன்னு சொன்னீங்க பாருங்க, அத யாரும் கவனிக்கல, எனக்கு அதுதான் முக்கியமான விஷயமா தெரியுது. ஃப்ரெட் வளராது சார். மரம் சுருங்கியிருக்கு. மரத்துல ஈரம் கொறஞ்சா ரேகைக்கு குறுக்க சுருங்கும், உலோகம் அப்படியே நிக்கும், அப்ப முனை வெளிய நீட்டிக்கும். ஏசி ரூம்ல திறந்து வச்ச கிட்டாருக்கு இது ரொம்ப சகஜம். இதப் பாத்த உடனே சிலர் அரம் எடுத்து முனைய தேய்ச்சுடுவாங்க, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க, மொதல்ல ஈரத்த திரும்பக் குடுங்க. காத்துல ஈரப்பதம் 45லேருந்து 55 சதவீதம் இருந்தா கிட்டார் சந்தோஷமா இருக்கும். சின்னதா ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டற கருவி) வாங்கி கிட்டார் வைக்கற பெட்டிக்குள்ள போடுங்க, சோப்பு டப்பால ஓட்டை போட்டு உள்ள நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பாஞ்ச் வச்சு அதயும் பெட்டிக்குள்ள வைங்க, தண்ணி சொட்டக் கூடாது, அது முக்கியம். பெட்டிய மூடியே வைங்க. மழைக்காலத்துல இதுக்கு நேர் எதிரா ஈரம் ஏறி முன் பலகை உப்பிக்கும், கம்பி இன்னும் ஒசரமாயிடும், அப்ப ஸ்பாஞ்ச எடுத்துட்டு சிலிக்கா ஜெல் போடணும். நடுவெயில்ல பூட்டுன காருக்குள்ள மட்டும் எப்பவும் விடாதீங்க, அந்தச் சூட்டுல பசையே இளகிடும்.

ஈரம் சரியான அப்புறம்தான் நெக் பாக்கணும். மொதல் ஃப்ரெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் புடிக்கற கிளிப்) போடுங்க, ஆறாவது கம்பிய, அதான் ரொம்ப தடிச்சத, நெக்கும் உடம்பும் சேர்ற எடத்துல அழுத்துங்க, இப்ப ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்ளோ சந்து இருக்குன்னு பாருங்க. 0.2லேருந்து 0.3 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், இருந்தா நெக் நல்லாருக்கு. அதுக்கு மேல இருந்தாத்தான் ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள இருக்கற இரும்புத் தண்டு) பக்கம் போகணும், அதுவும் ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல வேண்டாம், திருப்பிட்டு ஒரு நாள் விட்டுட்டு மறுபடி அளங்க. இறுக்கமா இருந்தா பலம் போடாதீங்க, அது ரிப்பேர்காரர் வேலை. கம்பி ஒசரத்தக் கொறைக்கவே ட்ரஸ் ராட் இருக்குன்னு நெறைய பேர் நெனக்கறாங்க, அது நெக்கோட வளைவ சரி பண்றதுக்கு மட்டும்தான்.

அப்புறம் கீழ் ஃப்ரெட்டுல சுருதி விலகறது. கம்பி ஒசரமா இருந்தா அத அழுத்தி கீழ கொண்டு வர்றப்பவே கம்பி நீண்டு சுருதி ஏறிடும். ஒசரம் கொறஞ்சா இந்தக் கோளாறும் சேந்து கொறையும், தனியா அதுக்குன்னு எதுவும் பண்ணாதீங்க இப்போதைக்கு.

பதில் 4:

ஃபோம் பத்தி சொல்றேன், இந்த வேலைல கொஞ்சம் பழக்கம் உண்டு. ஃபோம் ஒட்டினா உங்க ரூமுக்குள்ள எதிரொலி கொறையும், ரெக்கார்டிங் நல்லா கேக்கும். பக்கத்து வீட்டுக்குப் போற சத்தம் கொறையவே கொறையாதுன்னு வச்சுக்கங்க. சத்தத்த தடுக்கறது எடை, ஃபோமுக்கு எடையே கெடையாது. சுவரோட எடைய ரெண்டு மடங்கு ஆக்குனாலும் கிட்டத்தட்ட 6 டெசிபல்தான் கொறையும்னா பாத்துக்கங்க, அதுவும் அடி ஸ்வரத்துக்கு தடுப்பு எப்பவுமே கம்மிதான். கதவுக்கு அடியில உள்ள சந்த அடைக்கிறது ஃபோமவிட பலன் தரும்.

பைசா செலவில்லாத வழி இருக்கு. பொதுச் சுவருக்கு ஒட்டி உக்காராதீங்க, ரூம் நடுவுல உக்காருங்க. காலுக்கும் சேருக்கும் அடியில தடிமனான பாய் போடுங்க, ஏன்னா கீழ் வீட்டுக்காரங்களுக்கு கிட்டாரவிட நீங்க கால்ல தட்டுற தாளம்தான் மொதல்ல கேக்கும், அது நேரா தரை வழியா எறங்கும். பிக் (கம்பிய மீட்டற சின்ன வில்லை) விட்டுட்டு விரல்ல வாசிங்க. ராத்திரி ப்ராக்டீஸ்க்கு ப்ரிட்ஜ் பக்கத்துல கம்பிக்கு அடியில ஒரு துணிய மடிச்சு வைங்க, டொக்கு டொக்குன்னு கேக்கும், ஆனா தாளம் சரியா விழுதா இல்லையான்னு அதுல ஒளிக்க முடியாது, நல்ல பயிற்சி அது.

எல்லாத்துக்கும் முன்னாடி பக்கத்து வீட்டு கதவத் தட்டி எந்த நேரம் வாசிச்சா உங்களுக்கு தொந்தரவு இல்லைன்னு ஒரு வார்த்த கேளுங்க. கேக்காம வர்ற சத்தம்தான் மனுஷனுக்கு எரிச்சல், நேரம் தெரிஞ்சு வர்ற சத்தத்த ஜனங்க நல்லாவே பொறுத்துக்கறாங்க.

பதில் 5:

தம்பி, நான் வாசிச்சு வாசிச்சு விரல் காய்ச்சுப் போனவன், டெக்னிக்கலா மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன்.

முன்ன வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல எடம் இருந்துச்சு, ஜன்னல் திறந்து இருந்துச்சு, வாசிக்கறவன் யாருக்காகவும் வாசிக்கல, கேக்கறவன் கேக்கணும்னு வரல, ஆனாலும் ஒரு தெரு பூரா பாட்டு இருந்துச்சு. இப்ப அதே மக்கள், சொல்லப் போனா அதவிட அதிகம் பேர், ஒரே கட்டடத்துல இருக்கோம், ஆனா ஜன்னல மூடிட்டு ஏசி போட்டு காதுல ஹெட்ஃபோன் மாட்டி தனித்தனியா கேக்கறோம். பாட்டு கொறையல, முன்னவிட ஜாஸ்தியாதான் கேக்கறாங்க. ஒருத்தன் தப்பா வாசிச்சு திருத்தி வாசிக்கறத கேக்கற வாய்ப்புதான் போச்சு. ஒரு கொழந்த அத கேட்டாத்தான் இது மனுஷன் கையால வர்ற விஷயம், நாமளும் செய்யலாம்னு தோணும். முழுசா முடிச்ச பாட்டு மட்டுமே கேட்டு வளர்ற பிள்ளைக்கு அது தோணாது, இத நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

அதனால ரூமுக்குள்ள மட்டும் அடைஞ்சு வாசிக்காதீங்க. சாயங்காலம் கீழ வண்டி நிறுத்தற எடம், மொட்டை மாடி, எது அனுமதிக்கறாங்களோ அங்க ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. மாடிப்படி மட்டும் வேண்டாம், எதிரொலி ஆசையா இருக்கும், ஆனா எல்லா மாடிக்கும் ஏறிடும்.

ஆங், மொட்டை மாடில ஒண்ணு கவனிச்சுக்கங்க. ஏசி வெளி யூனிட் ரீங்காரம் போடும்ல, கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல வர்ற எடத்துல அந்த ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ்ல இருக்கும். உங்க ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட்டுல வர்ற ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ரெண்டும் சேந்தா செகண்டுக்கு ரெண்டு தடவ வாவ் வாவ்னு அலையடிக்கும். கிட்டார்ல கோளாறுன்னு நெனச்சு சுருதி மாத்தாதீங்க, வேற எடம் போய் வாசிச்சா நின்னுடும்.

கேட்டவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ப்ரிட்ஜ்ல பேப்பர் நுழையல. ஸ்பாஞ்ச் வச்சு கொஞ்ச நாள் பெட்டியிலயே விட்டேன், முனை குத்தறது நல்லாவே கொறஞ்சிடுச்சு. 11 செட்டு போட்டாச்சு, அந்த சத்தத்த கேட்ட உடனே எனக்கு பேச்சே வரல. நெக் சந்து விசிட்டிங் கார்டு அளவுதான், ட்ரஸ் ராட தொடவே இல்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன், ஆறு மணிக்கு மேல எப்ப வேணா வாசிங்க, எங்க பொண்ணையும் அனுப்பறேன்னுட்டாங்க.

இன்னும் பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஆறாவது கம்பி 3 மில்லிமீட்டர் ஒசரத்துல நிக்குது. சேடில, அதான் ப்ரிட்ஜ்ல கம்பி உக்கார்ற மெல்லிசு பட்டைய, நானே தேய்க்கலாமா?

பதில் 3:

சந்தோஷம் சார். 3ங்கறது கொஞ்சம் ஜாஸ்தி, 2.5 பக்கம் கொண்டு வந்தா சுகமா இருக்கும், ரொம்ப மெல்லிசான மொதல் கம்பிக்கு 2 கிட்ட. பன்னெண்டாவது ஃப்ரெட்டு கம்பியோட சரி பாதி, அதனால அங்க அரை மில்லிமீட்டர் கொறையணும்னா சேடில்ல ஒரு மில்லிமீட்டர் எடுக்கணும். பென்சில்ல கோடு போட்டுக்கங்க, சமமான கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி சேடில நேரா புடிச்சு அடிப்பக்கத்த மட்டும் தேய்ங்க, மேல்பக்கம் கம்பி ஒக்கார்ற வளைவு, அதத் தொடக் கூடாது. கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி மாட்டிப் பாருங்க, எடுத்தது திரும்பி வராது. ஒரு வேள சேடில் ஏற்கனவே ப்ரிட்ஜுக்கு மேல கொஞ்சூண்டுதான் தெரியுதுன்னா தேய்க்கவே வேண்டாம், அப்ப பிரச்சனை நெக் உக்காந்திருக்கற கோணத்துல, அது ரிப்பேர்காரர்தான் பாக்கணும். தேய்க்கறதுக்கு முன்னாடி சேடில் எவ்ளோ வெளிய தெரியுதுன்னு ஒரு ஃபோட்டோ போடுங்க, பாத்து சொல்றேன்.