கிணற்றுக் கயிறும் கால் வளையமும்

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு

பிரபு, காலை 7:12
[படம்]
பின்வாசல் மாமரத்தில் ஒரு காய்ந்த கிளை ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிறதே, அதை வெட்ட ஆள் தேடி மூன்று வாரம் ஆச்சு. வருகிறேன் என்றவர்கள் யாரும் வரவில்லை. கிளையில் கயிறு போட்டு நானே ஏறப்போகிறேன். கால் வைக்கிற வளையமும் செய்து, ஏறுகிற கயிற்றில் முடிச்சுப் போட்டு மாட்டியாச்சு. எப்படி இருக்கு?

அனிதா, 7:15
துணி காயப்போடுகிற கொடி மாதிரி இருக்கு.

செல்வி அத்தை, 7:16
எனக்கு அடிவயிறு கலங்குது. முதலில் கீழே இறங்கு.

பிரபு, 7:16
அத்தை, நான் இன்னும் ஏறவே இல்லை.

கார்த்தி, 7:31
என்ன கயிறு அது? மஞ்சளாகத் தெரிகிறதே.

பிரபு, 7:32
நைலான்தான் அண்ணா. வீட்டில் கிடந்தது.

கார்த்தி, 7:33
ஒரு விரல் நீளம் நறுக்கி வாளித் தண்ணீரில் போடு. உள்ளே இருக்கிற காற்று போகிற மாதிரி நன்றாகப் பிசைந்துவிட்டுப் பார்.

பிரபு, 7:40
மிதக்குது.

கார்த்தி, 7:44
அப்போ அது நைலான் இல்லை, பாலிபுரொப்பிலீன். நைலான் என்றால் முங்கியிருக்கும். கடையில் எல்லாவற்றையும் நைலான் என்றுதான் கொடுப்பார்கள். இது 160 டிகிரி சொச்சத்திலேயே உருகிவிடும். நைலான் 220க்கு மேலேதான் உருகும். முடிச்சு வழுக்கினால் கயிறும் கயிறும் உரசுகிற இடத்தில் எவ்வளவு சூடு வரும் என்று நீயே யோசித்துக்கொள். போதாததற்கு விறைப்பான கயிறு வேறு, முடிச்சு கவ்வவே கவ்வாது.

சரி, ஏறுகிற கயிறும் இதேதானா?

பிரபு, 7:45
ஆமா. ஒரே கயிற்றை இரண்டாக வெட்டினேன்.

கார்த்தி, 7:47
அதுவும் தப்பு. ஏறுகிற கயிறு 11 மில்லிமீட்டர் என்றால் முடிச்சுப் போடுகிற கயிறு 6, 7 தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் பிடிக்காது. புரூசிக் முடிச்சுதானே போட்டிருக்கிறாய்?

பிரபு, 7:48
அதேதான். மூன்று சுற்று. வெறும் கையால் தள்ளினால் மேலே போகுது, பாரம் விழுந்தால் நின்றுவிடுது. மந்திரம் மாதிரி இருக்கு.

கார்த்தி, 7:50
ஆஸ்திரியாக்காரர் கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்கணும். உன் படத்தில் நூடுல்ஸ் மாதிரி கிடக்கு.

பெரியப்பா, 8:05
முப்பந்தலில் காற்றாலை இறக்கையில் தொங்குகிறவன் சொல்கிறான், கேட்டுக்கொள். கார்த்தி, உங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட கயிறு இருந்தால் இவனுக்கு ஒன்று கொண்டுவந்து கொடேன்.

கார்த்தி, 8:09
கழித்த கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் போடுவோம் பெரியப்பா. இவனை மாதிரி யாராவது எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான்.

பிரபு, 8:15
சுடலை மாமா, நீங்கள் பனை ஏறும்போது காலில் போடுகிற தளைநார் மாதிரிதானே இதுவும்? அதற்கு முடிச்சும் இல்லை, மேலேயிருந்து கயிறும் இல்லை. நீங்கள் விழுந்தீர்களா?

சுடலை மாமா, 8:41
மருமகனே, கண்ணாடி போடாமல் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தளை வேறு, இது வேறு. தளைநாருக்குள் இரண்டு காலையும் விட்டு, பாதம் இரண்டையும் மரத்தின் இரு பக்கமும் வைத்து அழுத்துவோம். நார் விறைக்கும், கால் மரத்தைக் கவ்வும். உன் வளையம் கயிற்றைப் பிடிக்கிறது, எங்கள் தளை மரத்தைப் பிடிக்கும். அதற்கு மரம் பனை மாதிரி கிளையில்லாமல், கட்டிப் பிடிக்கிற பருமனில் இருக்கணும். ஆச்சி வீட்டு மாமரத்தைக் கட்டிப் பிடிக்க உனக்கு நாலு கை வேணும்.

பனை மட்டை நாரை உரித்து நானே முறுக்குவேன். காய்ந்து முறுகின நாரைக் காலில் போட மாட்டேன், தண்ணீர் தெளித்துப் பதமாக்கித்தான் போடுவேன். காலையிலும் மாலையிலும் அதே மரத்தில் ஏறி இறங்கணும், நார் கோபித்துக்கொண்டால் பிழைப்பு போச்சு. விழுந்தேனா என்று கேட்டாய். ஒரு தடவை. அதை உன் அத்தை இருக்கிற குழுவில் சொல்ல மாட்டேன்.

செல்வி அத்தை, 8:42
எப்போ?

செல்வி அத்தை, 8:42
எப்போ விழுந்தீர்கள்?

அனிதா, 8:44
தேங்காய் பறிக்கிற மெஷின் வாடகைக்கு எடுத்தால் என்ன? அதிலும் கால் மாட்டுகிற இடம் இருக்கே.

கார்த்தி, 8:46
அதற்கும் மாமா சொன்னதேதான். நெட்டுக்குத்தாக நிற்கிற தென்னைக்குத்தான் ஆகும். கவட்டை வந்தால் மாட்டிக்கொள்ளும்.

பிரபு, 8:50
சரி அண்ணா, நல்ல கயிறு வாங்குகிறேன். வளையம் எவ்வளவு நீளம் இருக்கணும்?

கார்த்தி, 9:20
இதைக் கேட்காமல் நேராக ஏறிவிடுவாயோ என்று பயந்தேன்.

இரண்டு முடிச்சு வேணும். மேல் முடிச்சு இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டில், கீழ் முடிச்சு கால் வளையத்தில். வளையத்தில் நிமிர்ந்து நின்றால் கீழ் முடிச்சு உன் தொப்புள் உயரத்துக்கு வரணும். வளையம் அதைவிட நீளமாக இருந்தால், காலை மடக்கித் தூக்குவதற்குள் கீழ் முடிச்சு போய் மேல் முடிச்சில் இடிக்கும், ஒரு எட்டுக்கு நாலு விரல்கூட ஏற மாட்டாய். குட்டையாக இருந்தால் முட்டி நெஞ்சில் முட்டும், எழுந்து நிற்கவே முடியாது. கடையில் அளந்து வெட்டாதே. வீட்டு உத்திரத்தில் கயிறு போட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நின்று பார்த்து வெட்டு.

அப்புறம் பாதம். மெல்லிய கயிறு பத்து நிமிஷத்தில் உள்ளங்காலை அறுத்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் ஒரு சாண் நறுக்கி, மிதிக்கிற இடத்தில் கயிற்றை அதற்குள் கோத்துவிடு. வலிக்காது, வளையமும் வாயைத் திறந்தே இருக்கும், குனிந்து தேட வேண்டாம். குதிகாலைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு ஒன்று போட்டால் நழுவாது.

எழும்போது காலை முன்னால் நீட்டாதே, மல்லாந்து தொங்குவாய். குதிகாலைப் பிட்டத்துக்குக் கீழே கொண்டுவந்து எழும்பு.

பெரியப்பா, 9:31
வளையம் அறுந்தால்?

கார்த்தி, 9:33
அறுந்தால் பெல்ட்டில் உட்காருவான், அவ்வளவுதான். வளையம் ஏற்றிவிடத்தான், உயிர் இடுப்பில்தான் இருக்கணும். எங்கள் வேலையில் ஒற்றைக் கயிறே கிடையாது. ஒன்றில் தொங்குவோம், காப்புக்கு இன்னொன்று இருக்கும்.

பிரபு, கிளைக்கு மேலே போய் மறுபக்கம் இறங்குகிற கயிற்று முனையை எதில் கட்டுவாய்?

பிரபு, 9:35
அடிமரத்தில்.

கார்த்தி, 9:37
அப்போ கிளைக்கு இரண்டு மடங்கு பாரம். நீ 70 கிலோ என்றால் கிளை 140 தாங்கணும். தொடை பருமனுள்ள பச்சைக் கிளையாகப் பார், அடிமரத்தை ஒட்டிப் போடு. நீ ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பாருங்கள்.

இறங்குவது எப்படி என்று நீ இன்னும் கேட்கவே இல்லை.

பிரபு, 9:52
எப்படி?

கார்த்தி, 9:53
அடுத்த ஞாயிறு நான் வருகிறேன். கயிறு, பெல்ட், இறங்குகிற கருவி எல்லாம் கொண்டுவருகிறேன். அதுவரை மரத்தைத் தொடாதே.

அடுத்த ஞாயிறு

அனிதா, காலை 10:05
[படம்]
நேரலை! காலுறையில் மணல் கட்டித் தூண்டில் நரம்பில் வீசினார்கள். ஏழாவது வீச்சில் கிளைக்கு மேலே போச்சு. நரம்பில் சணல், சணலில் கயிறு என்று இழுத்தாச்சு. கார்த்தி அண்ணனும் பெரியப்பாவும் தொங்கிப் பார்த்தார்கள், கிளை அசையவில்லை. பெரியப்பா வேட்டியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா, 10:06
அந்தப் படத்தை அழி.

அனிதா, 10:30
பிரபு ஏறுகிறான். முதல் ஆள் உயரம்வரை முடிச்சைத் தள்ளினால் கயிறும் கூடவே மேலே வந்துவிடுகிறது. நான் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு கையால்தான் தட்டுகிறேன்.

கார்த்தி, 10:31
போனை வை அனிதா.

பிரபு, மதியம் 12:20
இறங்கிவிட்டேன். பத்தடி ஏற இருபது நிமிஷம். வளையம் அருமை, குழாய் போட்டதால் பாதம் வலிக்கவே இல்லை. முசுறு எறும்பு மட்டும் கயிறு வழியாக இறங்கிச் சட்டைக்குள் போய்விட்டது. கிளையை வெட்டியது அண்ணன்தான். ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

சுடலை மாமா, 12:34
பத்தடிக்கு இருபது நிமிஷமா! அதற்குள் நான் மூன்று பனை ஏறி இறங்கியிருப்பேன்.

செல்வி அத்தை, 12:35
விழுந்த கதையைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

செல்வி அத்தை, 12:41
பிரபு, அம்மா பக்கத்தில் இருக்கிறாள், கேட்கச் சொல்கிறாள். கிணற்று வாளியில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு ஒரு வாரமாகக் காணோமாம். நீ படத்தில் காட்டினாயே, அதுவா?

அனிதா, 12:42
மிதக்குதே, அதுதான் ஆச்சி.

பிரபு, 12:50
இரண்டு துண்டாகத்தான் இருக்கு. முடிச்சுப் போட்டுக் கட்டிவிடவா?