அப்பாவோட ரெட்மி நோட் 8: மலையில மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீருது, நம்பி வாங்க பேட்டரி எங்க கிடைக்கும்?

கம்பத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தினமும் கம்பத்துல இருந்து ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறாரு. காய் எடுக்கிறவங்களுக்குக் கங்காணி. கையில இருக்கிறது 2020-ல வாங்கின ரெட்மி நோட் 8. இத்தனை வருசம் நல்லாவே உழைச்ச போன், அவருக்குக் கை பழகிப்போச்சு.

இப்ப பிரச்சினை இதுதான். காலையில 100 வச்சுக்கிட்டுக் கிளம்புறாரு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு 30-க்கு வந்துருது. அதுக்கப்புறம் 25, 26 இருக்கும்போதே யாராவது கூப்பிட்டா படக்குனு அணைஞ்சுருது. திரும்பப் போட்டா 3 சதவீதம்னு காட்டுது. சாயங்காலம் ஜீப் எந்த வளைவுல நிக்குதுன்னு போன் பண்ணித்தான் ஆள்களைக் கூட்டிட்டு வரணும். மழைக்காலத்துல அஞ்சரைக்கே இருட்டிரும், டார்ச்சும் இந்த போன்தான்.

ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா மட்டும் ராத்திரி வரைக்கும் தாங்குது. இது ஏன்னு புரியல. அப்பா வாட்ஸாப் பார்ப்பாரு, அவ்வளவுதான். கேம் எதுவும் கிடையாது.

விசாரிச்ச கடையில "6000 எம்ஏஎச் பவர் பேட்டரி இருக்கு, போட்டா ரெண்டு நாள் நிக்கும்"னு சொல்றாங்க. கம்பெனி பேட்டரியே 4000 தானே, அதே இடத்துல 6000 எப்படி உக்காரும்? நான் சென்னையில வேலை பார்க்கிறேன், ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கவும் முடியும். எது நல்லது, எதைப் பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விக்னேஷ் கோவை

2020 மாடல்ங்களா? செலவு பண்ணாதீங்க. 5000 எம்ஏஎச்ல புது போன் வாங்கிக் குடுத்துருங்க. இல்லைன்னா ஒரு தடவை சுத்தமா 0 வரைக்கும் இறக்கி, அப்படியே 100 வரைக்கும் ஏத்திப் பாருங்க, பேட்டரி சரியாயிரும்.

இளங்கோ (மின்னணு)

விக்னேஷ், 0 முதல் 100 வரை ஓட்டினால் திருந்துவது போனின் கணக்கு மட்டும்தான், செல் (பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பகுதி) அல்ல. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போன் போடும் மதிப்பீடு கொஞ்சம் சரியாகலாம். தேய்ந்த லித்தியம் செல்லுக்கு அதனால் உயிர் திரும்பாது. அடிக்கடி 0 வரை இறக்குவது செல்லுக்குக் கெடுதலும்கூட. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம் இன்னும் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சகோதரி, நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் காசு வீணாகாது.

ஒன்று, 25 சதவீதத்தில் திடீரென அணைவது. இது செல் வயதாகிவிட்டதன் தெளிவான அறிகுறி. லித்தியம் செல் பழசாகும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) ஏறுகிறது. சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் போதுமான அளவு தெரியும். அழைப்பு வந்ததும் திரை எரிகிறது, ரேடியோ முழு வலுவில் இயங்குகிறது, ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் வேண்டும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போனுக்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது. போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிரில் உள்மின்தடை இன்னும் கூடும். மலைக் காற்றில் இது அதிகமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இரண்டு, வீட்டில் தாங்கும் போன் தோட்டத்தில் மட்டும் வேகமாக இறங்குவது. இதற்குப் பேட்டரி மட்டும் காரணமாக இருக்க முடியாது. சிக்னலைப் பாருங்கள். டவர் தூரமாக இருந்தால் போன் சிக்னல் அனுப்பும் வலுவைக் கூட்டிக்கொண்டே போகும், டவர் விட்டுப்போனால் தேடிக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாட்டைத் திறந்தால் "மொபைல் நெட்வொர்க்" அல்லது "மொபைல் ஸ்டாண்ட்பை" முன்வரிசையில் நிற்கும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரவு முழு சார்ஜில் ஏரோப்ளேன் மோடில் போட்டு விட்டுவிடுங்கள். காலையில் ஐந்து சதவீதத்துக்குள் குறைந்திருந்தால் பின்னணியில் ஆப் எதுவும் உறிஞ்சவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு தோட்டத்தில் அப்பாவை \*#\*#4636#\*#\* அழுத்தச் சொல்லுங்கள். போன் தகவல் பக்கத்தில் சிக்னல் வலு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக வரும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் பலவீனம்.

ஏலமலை

தங்கச்சி, நான் நெடுங்கண்டம் பக்கம்தான் இருக்கேன். உங்க அப்பா போற பாதை எனக்குத் தெரியும். அந்த எல்லையில தமிழ்நாட்டு டவரும் கேரளா டவரும் மாறி மாறிப் பிடிக்கும், ஏலச்செடிக்குள்ள இறங்கிட்டா ரெண்டுமே இருக்காது. எங்க ஆள்கள் எல்லாருக்கும் இதே கதைதான், புது போன் வச்சிருக்கிறவனுக்கும்.

அப்பா ரெண்டு சிம் போட்டிருக்காரான்னு கேளுங்க. தோட்டத்துல எடுக்காத சிம்மை செட்டிங்ஸ்ல அணைச்சு வைக்கச் சொல்லுங்க. ஒரு சிம் தேடுறதுக்குப் பதிலா ரெண்டும் தேடிக்கிட்டே கிடக்கும். மொபைல் டேட்டாவைக் காலையில அணைச்சுட்டு, ஸ்டோருக்கு வந்தப்புறம் போட்டாப் போதும். ஸ்டோர், உலர்த்துற கட்டடம் இருக்கிற மேட்டுல எப்பவும் கொஞ்சம் சிக்னல் இருக்கும். சரிவுக்குள்ள வேலை நடக்கிற நேரம் ஏரோப்ளேன் மோடு.

ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம்மா இருந்தா நெட்வொர்க் வகையை 2ஜிக்கு மாத்தி வச்சுப் பாக்கலாம், சில இடத்துல பேச்சுக்கு அது போதும். ஜியோவுல 2ஜி கிடையாது, அதுல மாத்தினா அழைப்பே வராது. கவனம்.

கம்பத்துக்காரி

அண்ணா, ரெண்டு சிம்மும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு! ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு பேங்க் மெசேஜுக்கு. அதை அணைக்கச் சொல்லிட்டேன். ராத்திரி ஏரோப்ளேன் மோடுல வச்சதுல 4 சதவீதம்தான் இறங்கியிருக்கு. தோட்டத்துல நம்பர் அழுத்திப் பார்த்து மைனஸ் 117னு படிச்சு சொன்னாரு.

விக்னேஷ் அண்ணா, புது போன் நானும் கேட்டுப் பார்த்துட்டேன். "இது நல்லாத்தானே இருக்கு, பேட்டரியை மாத்துனாப் போதாதா"ன்னு சொல்றாரு. அவர் சொல்றதும் நியாயம்னுதான் எனக்கும் தோணுது.

மதுரை சர்வீஸ் மேசை

அப்பா சொன்னதுதான்மா சரி. ஸ்கிரீனும் போர்டும் நல்லா இருக்கிற போனைப் பேட்டரிக்காகத் தூக்கிப் போடுறதை நான் என் கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்றதே இல்ல. போன்ல தேயுறதுக்குன்னே இருக்கிற சாமான் பேட்டரி. அதை மாத்தலாம், மாத்தணும்.

முதல்ல \*#\*#6485#\*#\* அழுத்தச் சொல்லுங்க. பல ரெட்மி போன்ல பேட்டரி விவரம் வரும், எத்தனை சைக்கிள் (முழுசா ஒரு தடவை ஏத்தி இறக்கினா ஒரு சைக்கிள்) ஓடியிருக்குன்னும் தெரியும். பொதுவா 500 சைக்கிள் தாண்டினா பேட்டரியோட கொள்ளளவு புதுசுல இருந்ததுல 80 சதவீதத்துக்குப் பக்கத்துல வந்துருக்கும். தினம் சார்ஜ் போடுற 2020 போன் அதை எப்பவோ தாண்டியிருக்கும்.

அடுத்து போனை மேசையில கண்ணாடி முதுகு மேல பார்க்கக் கவுத்து வச்சு, ஓரத்துல இடைவெளி தெரியுதான்னு பாருங்க. முதுகு தூக்கியிருந்தா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அப்படி இருந்தா அன்னைக்கே சார்ஜ் போடுறதை நிறுத்திருங்க. அமுக்கிச் சமன் பண்ணக் கூடாது, ஊசியால காத்து இறக்கவே கூடாது. அப்படிப் பண்ணிக் கையைச் சுட்டுக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

இப்ப 6000 எம்ஏஎச் விசயம். உங்க சந்தேகம் ரொம்பச் சரி. நோட் 8 பேட்டரிக்கு நம்பர் பிஎன்46. அது 4000 எம்ஏஎச், 3.85 வோல்ட். அந்தக் குழிக்குள்ள அதே நீளம், அகலம், கனத்துல 6000 அடைக்கிற வழி கிடையாது. ஸ்டிக்கர்ல எதை வேணும்னாலும் அச்சடிக்கலாம். "பவர்", "டபுள்", "ஹை கெப்பாசிட்டி"ன்னு எழுதினதைக் கண்டாலே விலகிருங்க. நகைக்கடை மாதிரி எடை போட்டுப் பாருங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. கம்பெனி பேட்டரி பக்கத்துல வச்சு எடை போட்டா, டூப்ளிகேட் பெரும்பாலும் லேசா இருக்கும், உள்ள சரக்கு குறைச்சல்.

வாங்குற வரிசை என் கணக்குல இப்படி. முதல்ல கம்பெனியோட அங்கீகரிச்ச சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணி பிஎன்46 இருக்கான்னு கேளுங்க. தேனியில இல்லைன்னா மதுரையில கேளுங்க. பழைய மாடலுக்குச் சில நேரம் இருக்காது, வரவழைச்சுத் தருவாங்க. இல்லைன்னா அடுத்தது, நீங்க ரிச்சி ஸ்ட்ரீட்லயோ மதுரை டவுன்ஹால் ரோட்லயோ வாங்குறது. அங்க வாங்கும்போது லேபிளைக் கையில வாங்கிப் படிங்க. ஐஎஸ் 16046-ங்கிற தர எண்ணும், ஆர்-னு ஆரம்பிக்கிற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கணும். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா யார் பேருக்கு வாங்கினதுன்னு காட்டும். எண்ணே இல்லைன்னா வாங்காதீங்க.

தயாரிச்ச தேதியும் முக்கியம். லித்தியம் பேட்டரி டப்பாவுக்குள்ள இருந்தாலும் வயசாகும். 2019 தேதி போட்ட "ஒரிஜினல்"ஐ விட, பேர் சொல்லி விக்கிற நல்ல கம்பெனியோட போன வருசச் சரக்கு மேல்.

கம்பத்துக்காரி

ரொம்ப நன்றி அண்ணா. சைக்கிள் 900-க்கு மேல காட்டுது. முதுகு தூக்கல. யூடியூப் பார்த்து நானே வீட்ல மாத்திரலாமா? திருகுக் கிட் ஒண்ணு வச்சிருக்கேன்.

மதுரை சர்வீஸ் மேசை

இந்த மாடல்ல வேண்டாம்மா. முதுகு கண்ணாடி, பசை போட்டு ஒட்டியிருக்கும், சூடு காட்டித்தான் கிளப்பணும். விரல்ரேகை சென்சார் அந்த முதுகுலதான் இருக்கு. அதோட பட்டை கேபிள் போர்டுல மாட்டியிருக்கும், தெரியாம வெடுக்குனு இழுத்தா அறுந்துரும். அதுக்கப்புறம் உள்ள இருக்கிற பேட்டரியும் ஒட்டினதுதான். இரும்பு ஸ்பட்ஜரை (தட்டையான நெம்புற கருவி) விட்டு நெம்புறதுலதான் செல்லுல ஓட்டை விழுந்து புகையுது. நாங்க கனெக்டரை முதல்ல கழட்டிட்டு, ஓரத்துல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பசை இளகினப்புறம் பிளாஸ்டிக் கார்டால மெல்ல எடுப்போம்.

கடையில மாத்தும்போது பக்கத்துலயே நில்லுங்க. புதுசை மாட்டினதும் ஒட்டுறதுக்கு முன்னாடி போனைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. சார்ஜர் சொருகி மீட்டர்ல மின்னோட்டம் ஏறுதா, விரல்ரேகை வேலை செய்யுதா, பேட்டரி கடகடன்னு சூடாகுதான்னு அப்பவே பாக்கணும். பில்லுல பிஎன்46-ன்னும் வாரண்டி எத்தனை மாசம்னும் எழுதி வாங்குங்க. வாயால சொன்ன வாரண்டி அடுத்த மாசம் நிக்காது.

இளங்கோ (மின்னணு)

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, சாதாரண ஆள் தொடவே முடியாதபடி செய்தது எனக்கு என்றைக்குமே ஏற்பில்லை. பின்மூடியை நகத்தால் கழற்றிப் பேட்டரி மாற்றிய போன்களை நாம் எல்லோரும் வைத்திருந்தோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளில் பேட்டரியைப் பயனரே எடுத்து மாற்ற முடிய வேண்டும். விலக்குகளும் உண்டு. ஆனாலும் திசை சரியானது. நம் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏலத்தோட்டத்துக் கங்காணிக்குப் பேட்டரி மாற்ற மதுரைக்குப் பஸ் ஏறவேண்டிய தேவை இருக்கக்கூடாது.

இன்னொன்று. பேட்டரி மாற்றினாலும் மைனஸ் 117 அப்படியேதான் இருக்கும். அப்பாவிடம் ஒரு 10000 எம்ஏஎச் பவர்பேங்கும் கொடுத்துவிடுங்கள். அந்த 10000 என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் எழுதிய கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாற்றி, இழப்பும் போனால் சுமார் 6000 கைக்கு வரும். நோட் 8-ஐ ஒருமுறை முழுதாக நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும், அவருக்கு அது தாராளம்.

கம்பத்துக்காரி

மாத்தியாச்சு! சர்வீஸ் சென்டர்ல ஸ்டாக் இல்ல, வர நாளாகும்னாங்க. லீவுல ஊருக்கு வந்தவ அப்பாவையும் கூட்டிக்கிட்டு டவுன்ஹால் ரோட்ல ஒரு கடையில மாத்தினேன். முதல்ல எடுத்துக் காட்டினதுல பதிவு எண்ணே இல்ல. வேண்டாம்னதும் உள்ள போய் வேற எடுத்துட்டு வந்தாரு. அதுல எண் இருந்துச்சு, ஆப்ல போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. எடையும் போடச் சொன்னேன். பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

அப்பா மலைக்குப் போயிட்டு வந்துட்டாரு. பேங்க் சிம் அணைச்சு, டேட்டா அணைச்சு, சாயங்காலம் ஜீப் ஏறும்போது 58 இருந்துச்சாம். திடீர்னு அணையவே இல்ல. உங்க எல்லாருக்கும் அப்பா நன்றி சொல்லச் சொன்னாரு.

ஒரே ஒரு சந்தேகம். பழைய பேட்டரியைக் கடைக்காரர் எங்க கையிலயே குடுத்துட்டாரு. இதை என்ன பண்றது?

மதுரை சர்வீஸ் மேசை

ரொம்ப சந்தோசம்மா. குப்பைத்தொட்டியில மட்டும் போட்டுராதீங்க. குப்பை வண்டியில நசுங்கினா தீப்பிடிக்கும். கனெக்டர் முனையில செல்லோடேப் ஒட்டி, சாவி, காசு எதோடவும் படாம தனியா ஒரு டப்பாவுல வையுங்க. அடுப்புப் பக்கமும் வேண்டாம், வெயில்லயும் வேண்டாம். அடுத்த தடவை தேனி போகும்போது சர்வீஸ் சென்டர்ல இ-வேஸ்ட் வாங்குறாங்களான்னு கேட்டுக் குடுத்துருங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்ப எடுத்துக்குற பொறுப்பு தயாரிக்கிறவங்களோடது. வாங்கலைன்னா மதுரை வரும்போது கொண்டாங்க, நாங்க சேத்து வச்சு மறுசுழற்சிக்கு எடுக்கிறவங்ககிட்ட மொத்தமாக் குடுக்கிறோம்.

ஏலமலை

தங்கச்சி, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. திரும்பி வரும்போது போனை ஜீப் டேஷ்போர்டுல வெயில் படுற மாதிரி வைக்க வேண்டாம். இங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. புதுப் பேட்டரியும் சூட்டுல சீக்கிரம் போயிரும்.