திருக்கோவில் கரையில் தார் கட்டிகள்: வலை வளைக்கலாமா?

தம்பட்டைக்காரன்:
நாலு நாளாக இங்கே கிழக்கிலங்கையில், தம்பட்டை ஊரிலிருந்து திருக்கோவில் ஊர் வரைக்கும் கரை முழுக்கக் கறுப்புக் கட்டிகள். புளியங்கொட்டை அளவிலும் கிடக்கிறது, வடை அளவிலும் கிடக்கிறது. விடியலில் கல் மாதிரி இறுகியிருக்கும், பத்து மணி வெயில் பட்டால் இளகிவிடும், காலில் ஒட்டினால் வீட்டு விறாந்தை வரைக்கும் கூடவே வரும். (மனைவியிடம் வாங்கிய பேச்சு தனிக் கதை.)

வாடைக் காற்று முடிந்து கடல் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. இரண்டு மாதம் சும்மா இருந்த ஆக்கள் முதல் வளைப்புக்குக் காத்துக்கொண்டிருந்தோம். நேற்று வளைத்தோம், வலையின் மடியில் சூடை மீனோடு இந்தக் கட்டியும் வந்தது. வியாபாரி மீனை எடுத்து மணந்து பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறார். இதற்கிடையில் ஒருவர் உழவு மெஷின் கொண்டுவந்து எல்லாவற்றையும் மண்ணோடு பிரட்டி மூடிவிடலாம் என்கிறார். கடலில் எந்தக் கப்பலும் நிற்கிறதாகத் தெரியவில்லை, செய்தியிலும் ஒன்றும் இல்லை. இது எங்கிருந்து வருகிறது, வலையை இறக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தோணி:
தம்பி, கப்பல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தது நினைவிருக்கும், சங்கமன்கண்டிக்கு நேரே வெளியே, வயிற்றில் ஏறக்குறைய 2,70,000 தொன் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத எண்ணெய்). குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன கப்பல். மாலுமி ஒருவர் இறந்துபோனார். அந்த எண்ணெய்த் தாங்கி உடைந்திருந்தால் இன்று நீயும் நானும் இங்கே வலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம். கப்பல் ஓடுவதற்கான எரிபொருள் மட்டும்தான் கடலில் கசிந்தது. கப்பல் தலைவனுக்கு நீதிமன்றம் 1 கோடி 20 இலட்சம் ரூபாய் தண்டம் போட்டது, அதோடு சரி, ஊர் மறந்துவிட்டது.

அது கச்சான் (மேல்காற்று) காலம். காற்று கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும் நேரம். வாடையில் அப்படி இல்லை, வெளிக்கடலில் போகிற கப்பல்காரன் இரவில் எண்ணெய்த் தாங்கியைக் கழுவி ஊற்றினாலும் காற்றும் நீரோட்டமும் அள்ளிக்கொண்டுவந்து எங்கள் கரையில்தான் கொட்டும். நான் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்திலும் வாடைக்கு இந்தக் கட்டிகள் வந்திருக்கின்றன, பொறுக்கித் தோணியின் வெடிப்பில் அப்பிய ஆக்களும் உண்டு. ஆனால் நாலு நாள் தொடர்ந்து வந்ததை நான் கண்டதில்லை.

கல்லடிப் பாலம்:
உழவு மெஷின்காரரைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மண்ணுக்குள் மூடினால் எண்ணெய் போய்விடாது, அடுத்த வாடையில் கரை அரிக்கும்போது அப்படியே திரும்பி வரும். அதோடு ஒரு கைப்பிடி தாருக்கு ஒரு வண்டி மணல் அழுக்காகும். மண்வெட்டியால் மேலோட்டமாக வழித்து உரப்பையில் கட்டி, அலை ஏறாத இடத்தில் வையுங்கள். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை இதைவிட மோசம். காலில் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவிச் சவர்க்காரத்தால் கழுவினால் போதும்.

கப்பலிலிருந்து சிந்தும் எண்ணெயில் இலேசானது ஆவியாகிவிடும், மிச்சம் தண்ணீரோடு கலந்து தடித்து, அலையில் உருண்டு கட்டியாகும். அதனால் உங்கள் கையில் இருப்பது பல நாள் மிதந்து வந்தது. ஓடித் திரியும் மீனின் உடம்பு எண்ணெய் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடும், மட்டிக்கு அது அவ்வளவாக முடியாது, ஆகவே மட்டி பொறுக்குவதை இப்போதைக்கு விடுங்கள். கட்டி வருகிற நாளில் வளைக்காமல் இருப்பது நல்லது, வலையில் அப்பினால் அந்த வலை பிறகு எத்தனை மீனைக் கெடுக்கும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஆற்றுவாய் இப்போது திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் ஏறுநீரோடு இது களப்புக்குள் (கரையோர உப்புநீர் ஏரிக்குள்) போகும். கடற்கரையை வழிக்கலாம், கண்டல் வேரை யார் வழிப்பது? இறால் குஞ்சு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

சாய்ந்தமருது மீன்கடை:
வியாபாரியைத் திட்ட வேண்டாம் தம்பி, நானும் அந்தத் தொழில்தான். 2021இல் பிளாஸ்டிக் மணி ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது கொழும்புப் பக்கம், எங்கள் கரையில் நான் ஒரு பிளாஸ்டிக் மணிகூடக் காணவில்லை, ஆனாலும் என் பாரையை ஒருவரும் வாங்கவில்லை. ஐஸ் காசும் போனது. சனத்துக்கு மேற்கு, கிழக்கு எல்லாம் ஒரே கடல். எண்ணெய் பட்ட மீன் என்று ஒரு வாய் சொன்னால் போதும், நல்ல மீனும் கிடந்து நாறும்.

அந்த வழக்கில் 2025 ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் கட்டச் சொன்னது. அங்கே கப்பலின் பெயர் ஊருக்கே தெரியும். உங்களுடைய கட்டிக்குப் பெயர் இல்லையே, யாரிடம் கேட்பீர்கள்?

கல்லடிப் பாலம்:
மீன்கடைக் காக்கா (அண்ணன்) சொல்வதுதான் சிக்கல். ஆனால் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒரு சேர்க்கை இருக்கிறது, ஆய்வுகூடத்தில் கட்டியையும் சந்தேகப்படும் கப்பலின் எண்ணெயையும் ஒப்பிட முடியும். அதற்கு மாதிரி வேண்டும். கண்ணாடிப் போத்தலில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். நாள், நேரம், இடம் எழுதி ஒட்டிக் குளிரில் வையுங்கள். கிராம சேவகருக்கும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் எடுங்கள். வாயால் சொன்னது மேசையைத் தாண்டாது.

தம்பட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. உழவு மெஷின் திரும்பிப் போய்விட்டது. ஆற்றுவாயைப் பார்த்தோம், மணல் மேடு இன்னும் மூடித்தான் கிடக்கிறது, இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். இன்று பதினொரு பேர் சேர்ந்து எட்டு உரப்பை கட்டினோம். வளைக்கவில்லை, பொழுதுபட வந்த இரண்டு பேர் என்னிடம் அரிசிக் காசு கடன் கேட்டார்கள், கொடுக்க என்னிடமும் இல்லை. நாளைக்குக் கிராம சேவகரிடம் போகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று ஜாம் போத்தல் தார் இருக்கிறது, அதைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், மனைவியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.