திருவல்லிக்கேணி பழைய வீடு: சமையலறைச் சுவரில் ஓதம், கொல்லையில் குப்பை. நானே சரிசெய்ய முடியுமா?

கிணற்றடி (மாசி மாதம்):

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. பத்திரத்தில் 1931 என்று இருக்கிறது. அகலம் 14 அடி, நீளம் 82 அடி. ரயில் பெட்டி மாதிரி திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அதற்குப் பின்னால் கிணற்றடியும் கொல்லையும். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம். பத்து வருஷம் வாடகைக்கு விட்டிருந்தோம். போன வருஷம் தையில் நானும் அம்மாவும் திரும்பி வந்துவிட்டோம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. காண்டிராக்டர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே வசனம்தான்: "இடிச்சிட்டுக் கட்டிருங்க சார்."

முதல் தலைவலி சமையலறைப் பின்சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்கிறது. கையால் தடவினால் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டுகிறது. குடியிருந்தவர்கள் காலத்திலேயே இரண்டு தடவை சிமெண்ட் பூசியாகிவிட்டது. நான் ஐப்பசியில் வாட்டர்ப்ரூஃப் செய்கிற ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு 38,000 ரூபாய் கொடுத்தேன். சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு ஏதோ ரசாயனம் ஏற்றினார்கள், மேலே சிமெண்ட், அதற்கு மேலே பெயிண்ட். பொங்கல் வரைக்கும் பளபளவென்று இருந்தது. இப்போது ஓதம் பெயிண்டுக்கும் மேலே ஏறி நாலரை அடியில் நிற்கிறது. போன் செய்தால், "சுவர் பழசு சார்" என்கிறார்கள். பழசு என்று தெரிந்துதானே கூப்பிட்டேன்!

இரண்டாவது, கூடத்து மூலையில் மழைக்குச் சொட்டுகிறது. அதற்கு நேர்மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது.

மூன்றாவது கொல்லை. 14-க்கு 18 அடி. ஒரு தென்னை, கறிவேப்பிலை, ஒரு பாரிஜாதம். அம்மாவுக்குக் கீரை போடவேண்டும். மண்வெட்டி போட்டால் உடைந்த ஓடு, டியூப்லைட் மூடி, இறுகிப்போன சிமெண்ட் மூட்டை ஒன்று முழுசாக. சுவரோரமாக மண்ணை அணைத்துக் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார்கள், அதுதான் செழிப்பாக இருக்கிறது. கிணற்றுச் சுவர் என் முழங்காலுக்குத்தான் வருகிறது. அம்மா தண்ணீர் இறைக்கக் குனியும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அதையும் உயர்த்திக் கட்டவேண்டும். அம்மாவுக்கு 74 வயசு, ஞாபகம் குழம்புகிறது. சமையலறையிலிருந்து கிணற்றடிக்கு மூணு படி இறங்கணும் என்று தினமும் சாதிக்கிறார். ஒரு படிதான் இருக்கிறது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். எதில் தொடங்குவது? திரும்பவும் சிமெண்ட் பூசலாமா?

ராயபுரம் செல்வி:

சிமெண்ட் பக்கமே போகாதீர்கள் அண்ணா. உங்கள் வீடு சுண்ணாம்பில் கட்டியது. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினதை வெளியே விடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உங்கள் சுவரில் நடந்தது அதுதான்.

எங்கள் வீட்டில் கூடத்துச் சுவரை நானும் என் தம்பியும் பூசினோம். சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்தோம். முதல் பூச்சு மொத்தமும் உதிர்ந்தது, ஏனென்றால் சுவரை நனைக்காமல் பூசிவிட்டோம். இரண்டாவது நின்றது. ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் கவனம். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால், தொட்டித் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சுண்ணாம்பு மேலே தண்ணீரை ஊற்றக்கூடாது. நான் ஊற்றினேன். குபீரென்று கொதித்துக் கண்ணில் தெறித்தது. குழாயடியில் அரை மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்ணாடி போடாமல் தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் ஒயரிங்கை நீங்கள் தொடவேண்டாம். சுவரில் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடுகிற பழைய ஒயராக இருந்தால் எர்த்தே இருக்காது. அதற்கு மட்டும் ஆள் வையுங்கள்.

மட்டப்பலகை:

தம்பி, நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். செல்வி சொன்னது சரி, ஆனால் அது இரண்டாவது வேலை. இப்போது பூசினால் சுண்ணாம்பும் உதிரும்.

கிணற்றுச் சுவரை எந்தக் கொத்தனாராவது முழங்கால் உயரத்துக்குக் கட்டுவானா? குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் இடுப்பளவுக்குத்தான் கட்டுவான். உன் கிணற்றுச் சுவர் குட்டை இல்லை, உன் கொல்லை உயர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. மீதி இரண்டு படி மண்ணுக்குள் கிடக்கும், தோண்டிப் பார்.

கொல்லை மண் சமையலறைத் தரைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டது. அதற்கு மேல் சுவரோரம் பாத்தி கட்டித் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார்கள். செங்கல் சும்மா இருக்குமா? குடிக்கும். உள்ளே எத்தனை ஆயிரத்துக்கு மருந்து ஏற்றினாலும் வெளியே மண் ஈரமாகச் சாய்ந்திருக்கிற வரைக்கும் காயாது.

செய்யவேண்டியது இதுதான். குரோட்டன்ஸைப் பிடுங்கு. சுவரோரம் மூன்றடி அகலத்துக்கு மண்ணை எடு, பழைய மட்டம் வந்ததும் நிறுத்து. அதற்குக் கீழே போகாதே, பழைய வீட்டு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. ஒரே நாளில் முழு நீளமும் தோண்டாமல் நாலைந்து அடியாகத் தோண்டு. சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். உள்பக்கம் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை அப்படியே விடு. உப்பை வெறும் பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளு, தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர், ஒரு கோடை முழுக்கக் காயட்டும். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

டெரஸ் விஷயம். கட்டைகள் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் இற்றுப்போகும். ஏணி போட்டு ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார். நங்கென்று நின்றால் சரி, மெதுவாக இறங்கினால் அந்தக் கட்டைக்குக் கீழே முட்டுக்கொடுத்துவிட்டு எனக்கு எழுது. தளத்துக்கு மேலே கான்கிரீட் போடச் சொல்லி எவனாவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடு. அந்தப் பாரத்தை அந்தக் கட்டைகள் தாங்காது. அரசங்கன்றைப் பிடுங்காதே, அடியில் அறுத்துவிட்டு அந்த இடத்துக் கல்லைப் பெயர்த்து வேரை முழுசாக எடுத்துத் திரும்பக் கட்டு. பெருங்காயம் வை, ஆசிட் ஊற்று என்பார்கள். நான் பார்த்த வரையில் அடுத்த ஆடியில் துளிர்த்துவிடும். டெரஸ் வேலை புரட்டாசிக்குள் முடியவேண்டும்.

கீரைப்பாத்தி:

மேஸ்திரி ஐயா சொன்னதோடு ஒன்று. கொல்லையை இறக்கினால் ஐப்பசி மழையில் அதுவே குளமாகும். மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக மணலும் ஜல்லியும் போட்ட தொட்டிக்கு விட்டு, அங்கிருந்து கிணற்றுக்கு விட்டுவிடுங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் பேருக்கு ஒரு குழாய் வைத்தார்கள், உங்கள் வீட்டிலும் ஒரு குழாய் எங்கேயாவது மொட்டையாக நிற்கும், தேடுங்கள். சமையலறைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளி, கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்புங்கள்.

கீரைக்கு அந்த மண் வேண்டாம். இடிசல், பெயிண்ட், டியூப்லைட் கிடந்த மண். இந்த வருஷம் தொட்டியில் செம்மண்ணும் மக்கின எருவும் கலந்து அரைக்கீரை போடுங்கள். பாரிஜாதத்தின் அடிமண்ணை மட்டும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள், வேர் மேலோட்டமாக இருக்கும்.

கிணற்றடி (ஆனி மாதம்):

எல்லோருக்கும் நன்றி. மூன்றரை மாதம், பதினான்கு ஞாயிறு.

முதல் ஞாயிறு பதினொரு மணிக்குக் கடப்பாரை கல்லில் பட்டது. கையால் மண்ணை விலக்கினேன். கருங்கல் படி, நடுவில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து பள்ளம். அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழே இன்னொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். மூன்றாவது ஞாயிறு அதுவும் வந்தது. பக்கத்திலேயே ஒரு துவைக்கிற கல், குப்புறக் கிடந்தது. இப்போது கிணற்றுச் சுவர் என் இடுப்புக்கு வருகிறது, ஒரு செங்கல் கூட வைக்காமல்.

மண் மொத்தம் நாலு குட்டியானை லோடு. சந்துக்குள் வண்டி வராது, பாண்டில் அள்ளித் தெருமுனை வரைக்கும் சுமந்தோம். இதற்குத்தான் உண்மையிலேயே பணம் செலவானது. சமையலறைத் தொட்டிக் குழாய் மண்ணுக்குள்ளேயே உடைந்திருந்தது. பத்து வருஷப் பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தச் சுவருக்குத்தான் போயிருக்கிறது. இப்போது வாழை குடிக்கிறது.

சுவர் அக்னி நட்சத்திரம் முழுக்க அம்மணமாக நின்றது. ஓதம் ஒன்றரை அடிக்கு இறங்கியிருக்கிறது. வாரத்துக்கு அரைப் பக்கெட் உப்பு கூட்டி அள்ளினேன், இப்போது கைப்பிடிதான். கட்டை முனை பதினேழில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கிறது, முட்டுக்கொடுத்துவிட்டேன்.

மட்டப்பலகை ஐயா, ஒரு சந்தேகம். கடைசிப் படி ஓரத்தில் ஒரு சாண் உடைந்திருக்கிறது, மேல்பக்கமும் வழுவழு. அம்மா இறங்குகிற இடம். சிமெண்ட் வைத்து ஒட்டலாமா, புதுக் கல் வாங்கவேண்டுமா?

மட்டப்பலகை:

ஒட்டாதே, ஒரு மழைக்கு நிற்காது. புதுக் கல்லும் வேண்டாம். இரண்டு ஆள் பிடித்து அந்தக் கல்லைத் தலைகீழாகப் புரட்டு. அடிப்பக்கம் கொத்தினபடியே சொரசொரப்பாக இருக்கும், வழுக்காது. உடைந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டுச் சுண்ணாம்புக் கலவையில் உட்காரவை. இரண்டு நாள் அம்மா அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். மெத்தென்று இருக்கிற கட்டையைப் போட்டோ எடுத்துப் போடு.