ஜனவரி 26 கிராம சபைக்கு முகாம் பிள்ளைகளையும் கூப்பிடலாமா?

மாந்தோப்பு:
ஊத்தங்கரைப் பக்கம் எங்க ஊராட்சியில ஒரு யோசனை ஓடுது. ஜனவரி 26 கிராம சபையில எல்லாரும் எழுந்து நின்னு அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கணும். 18 வயசு முடிஞ்சு வாக்காளர் பட்டியல்ல புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குத் துண்டு போர்த்தி, முகவுரை அச்சடிச்ச தாளைக் கையில கொடுக்கணும். 1950இல் இதே நாள்ல குடியரசுப் பிரகடனத்தை வாசிச்ச ராஜாஜி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில பிறந்தவர். அப்படிப்பட்ட மாவட்டத்துல கொடியேத்தி மிட்டாய் கொடுத்ததோட நாள் முடிஞ்சுபோகுது. பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல 18 முடிச்ச பிள்ளைங்களையும் கூப்பிடணும்னு சொன்னேன். அங்கதான் தகராறு வந்துச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

மத்தூர்க்காரன்:
முகவுரை வாசிங்க, முதல் ஆளா நான் நிக்கிறேன். முகாம் விஷயத்தை மட்டும் ஒத்துக்க மாட்டேன். அரசியலமைப்பின் 243ஆம் பிரிவுப்படி கிராம சபைங்கிறது அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்களோட அமைப்பு. பட்டியல்ல இல்லாதவங்களைப் புதுக் குடிமக்கள்னு அங்க வரவேற்றா, எந்தப் புத்தகத்துக்கு மரியாதை செய்றோமோ அதையே மீறுறோம். குடியுரிமைக்குச் சட்டம் போடுற அதிகாரத்தை 11ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கு, நம்ம ஊர்த் தலைவருக்கு இல்ல. அவங்க மேல எனக்கு ஒரு மனக்கசப்பும் கிடையாது. எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சதே முகாம் அண்ணன்தான்.

மண்டிக்கடை:
எங்க தெருவுல வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணி. கிராம சபையில அதைப் பேசவே நேரம் பத்தலை.

பழைய வாத்தியார்:
மத்தூர்த் தம்பி, நீங்க சொன்ன பிரிவு சரி. 14ஆம் பிரிவையும் 21ஆம் பிரிவையும் எடுத்துப் பாருங்க. அதுல குடிமகன்னு இல்ல, 'எந்த நபருக்கும்'னுதான் இருக்கு. சமத்துவமும் உயிருக்கான உரிமையும் முகாம்ல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

என் வகுப்புல முகாம்ப் பொண்ணு ஒருத்தி இருந்தா. காலை வழிபாட்டுல அவதான் உறுதிமொழி சொல்வா. "இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்." வெள்ளைக் காலர் இஸ்திரி கலையாம, வலது கையை நேரா நீட்டி, ஒரு எழுத்து பிசகாது. பிளஸ் டூ முடிச்சு ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிட்டு வந்தா. தேசியம்ங்கிற கட்டத்துல என்ன எழுதட்டும் சார்னு கேட்டா. பேனாவை வாங்கிக் கையில வச்சிருந்தேன், எனக்கு எழுத வரலை. வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கட்டம் கண்ணுலயே நிக்குது.

மத்தூர்க்காரன்:
சார், படிச்சிட்டு மனசு கனத்துப்போச்சு. ஆனா வழி நீதிமன்றம்தான், மேடை இல்ல. 1986இல் மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு அக்கா, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வாங்கி 2022இல் பாஸ்போர்ட் எடுத்தாங்க. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. சட்டம் அவங்களைக் குடிமகள்னு சொன்ன பிறகு கூப்பிடுங்க, நானே துண்டு போர்த்துறேன்.

முகாம்பொண்ணு:
வணக்கம். நான் அந்த முகாம்லதான் இருக்கேன். நீங்க சொன்ன அதே சட்டத்தை எங்க வீட்டுக்குள்ள வச்சுச் சொல்றேன் அண்ணா.

1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவங்க பிறப்பாலயே குடிமக்கள். எங்கம்மா 1984இல் மண்டபத்துல பிறந்தவங்க. அப்பா சின்னப் பிள்ளையா படகுல வந்தவர். அதுக்கப்புறம் 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு அம்மா அப்பாவுல ஒருத்தர் குடிமகனா இருந்தாப் போதும். எங்கண்ணன் 2004 மார்ச், அம்மா வழியில அவன் இந்தியன். அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தா, பெத்தவங்கள்ல ஒருத்தர் குடிமகனா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாம வந்ததால அப்பாவுக்கு அந்தப் பேர். நான் 2006. ஒரே அம்மா, ஒரே அப்பா, அதே பத்துக்குப் பத்து வீடு. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த சில மதத்தவங்களுக்கு வழி விட்டுச்சு, இலங்கை அதுல இல்ல.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் மனு கொடுத்து ஏழு மாசம் ஆச்சு, பதில் இல்ல. இப்பவும் ரெண்டு பேரும் முகாம்ல ஆள் சரிபார்க்கிற செக்கிங் நாள்ல வரிசையில நின்னு கையெழுத்துப் போடுறாங்க. எனக்குத் துண்டு வேணாம். முகவுரையை எல்லாரோடயும் சேர்ந்து வாசிக்க மட்டும் விடுங்க.

மண்டிக்கடை:
தண்ணி முதல்லங்கிறதுல எனக்கு மாத்தம் இல்ல. ஆனா வாசிக்க ரெண்டு நிமிஷம்தானே ஆகும். வரட்டும் அந்தப் பொண்ணு.

மத்தூர்க்காரன்:
கிராம சபை மேடை கூடாதுங்கிறதுல நான் இன்னும் மாறலை. காலையில பள்ளிக்கூடத்துல கொடியேத்துறப்போ முகவுரையை வாசிப்போம், அங்க யாரும் பட்டியல் பார்க்க மாட்டாங்க. தங்கச்சி, உங்கம்மாவும் அண்ணனும் சட்டப்படி இப்பவே குடிமக்கள், அவங்களுக்கு யாரும் புதுசாக் கொடுக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாம இருந்துச்சு. அம்மாவோட பிறப்புச் சான்றிதழ் இருக்கா? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டுப் போறேன்.

முகாம்பொண்ணு:
இருக்கு அண்ணா. மடிப்புல கிழிஞ்சுபோச்சுன்னு அப்பா லேமினேட் பண்ணி, அரிசி டிரம்முக்கு மேல ஆணியில மாட்டி வச்சிருக்கார். எடுத்துட்டு வர்றேன்.