துடைப்பத்தைக் கண்டு நடுங்கிய செவலை

சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் கட்டட வேலை முடிந்து ஆட்கள் கிளம்பியபோது, சங்கிலியோடு அங்கேயே விடப்பட்ட நாட்டு நாய் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நிறத்தை வைத்துச் செவலை என்று அழைத்தோம். முதல் பதினொரு நாட்கள் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நாங்கள் படுத்த பிறகு மொசைக் தரையில் நகம் உரசும் ஓசை கேட்கும். விடிந்ததும் தட்டு காலியாக இருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

அம்மா கூட்டுவதற்குத் துடைப்பத்தை எடுத்தால் போதும், சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொண்டு உறுமத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே அது கொட்டாவி விட்டதையும், உதட்டை நக்கியதையும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்த்ததையும் நாங்கள் கண்டும், தூக்கக் கலக்கம் என்று எண்ணிக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், “உறுமுனா விட்டுறாதீங்க தம்பி, ரெண்டு அதட்டு அதட்டுங்க, அடங்கிக்கும்” என்றார். அதட்டினேன், அடங்கியது. நாய் திருந்திவிட்டது என்று அவரிடமே பெருமையாகச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, குளிப்பாட்டுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தபோது, சிறு சத்தமும் இல்லாமல் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தபோதிலும், குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, மருத்துவமனைக்குப் போய் அன்றும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போட்டுக்கொண்டேன். தவறு முழுவதும் என்னுடையது. “தள்ளிப் போ” என்று அது சொல்லிவந்த ஒரே சொல்லை நான்தான் அதட்டி அதட்டி மறக்கடித்திருந்தேன்.

கால்நடை மருத்துவர் காது, பல், இடுப்பு மூட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வலி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றதைப் பேசினார். துடைப்பத்தைத் தரையில் அசையாமல் கிடத்திவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நாய் நிம்மதியாகத் தின்னக்கூடிய தொலைவு எது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொன்னார். எங்கள் கூடத்தில் அது பதினான்கு அடியாக இருந்தது. அங்கிருந்து, வேகவைத்த ஆட்டு ஈரலோடு தொடங்கினோம்.

அதிலும் ஒரு கோளாறு செய்தோம். ஈரலைக் காட்டி வரவழைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது அம்மா துடைப்பத்தைக் கொண்டுவந்து கிடத்துவார். நான்காம் நாள், குக்கரைத் திறந்து ஈரல் வாசனை எழுந்ததுமே செவலை கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. ஈரல் வந்தால் பின்னாலேயே சீமாறு வரும் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. கற்றதில் பிழையே இல்லை. வரிசையை மாற்றினோம். முதலில் துடைப்பம் கண்ணில் படும், ஒரு நொடி கழித்துத் தீனி வரும், துடைப்பம் மறைந்ததும் தீனியும் நின்றுவிடும். ஈரலின் பெயரை நாங்களே கெடுத்துவிட்டதால் கோழிக்கறிக்கு மாற வேண்டியதாயிற்று.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டவில்லை. தின்ன மறுத்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். மறுநாள் ஓரடி பின்னால் போவோம். கிடக்கும் துடைப்பம் வேறு, கையில் இருக்கும் துடைப்பம் வேறு, கூட்டும் ஓசை வேறு என்பதால் ஒவ்வொன்றையும் தொலைவிலிருந்தே மறுபடி தொடங்கினோம். “சீமாறு எடுக்கறதுக்கும் நேரம் குறிச்சுக் குடுத்துட்டியாடா” என்று அம்மா அலுத்துக்கொண்டாலும், ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. ஏழாவது வாரத்தில், அம்மா துடைப்பத்தை எடுத்ததும் செவலை அவருடைய மற்றொரு கையைப் பார்த்தது.

*

இதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதியது: ஈரல் கதையைப் படித்ததும் எங்கள் சிப்பிப்பாறை இன நாய் நினைவுக்கு வந்தது. சாத்தூர் அருகே யாரோ கைவிட்டது. வெடிச்சத்தம் அதற்கு ஆகாது. பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று அரசு நேரம் வகுத்திருந்தாலும், எங்கள் தெருவில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். ஆகவே ஆடி மாதத்திலிருந்தே கைபேசியில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாக ஒலிக்கவிட்டுத் தீனி கொடுத்துப் பழக்கினோம். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னதாகச் சன்னலைச் சாத்தினோம். முடிவில், மழைக்குச் சன்னலைச் சாத்தினாலும் அது நடுங்கியது. வேளை தெரியாமல் நாளுக்கு ஆறேழு முறை சும்மாவே சாத்தித் திறந்த பிறகுதான் அந்தத் தொடர்பு அறுந்தது.

இன்னொன்று. இந்த இனத்துக்குத் தலை குறுகியது. மிரண்டு பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை வழுக்கிக் கழன்றுவிடும். ஒருமுறை அப்படிக் கழன்று ஓடி, இரவு முழுவதும் பருத்திக்காட்டில் தேடினோம். இப்போது மார்புப்பட்டையில் ஒரு கயிறும் கழுத்துப்பட்டையில் ஒரு கயிறுமாக இரண்டு கட்டியே வெளியே அழைத்துப் போகிறோம். மிரளும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்கிறார்களே, அது சரியா?

*

அவருக்கு நான் எழுதிய பதில்: செவலையின் மருத்துவரிடம் இதையே கேட்டேன். அச்சம் என்பது வேண்டுமென்று செய்யும் குறும்பு அல்ல, ஆகவே ஆறுதலால் அது வளராது என்றார். நாய் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தடவலாம், ஒளிந்த இடத்துக்குள் கையை விட்டு மட்டும் தடவ வேண்டாம் என்றார். அந்தப் பாடத்தை நான் மணிக்கட்டில் வாங்கியிருக்கிறேன்.

செவலை முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளியல் இன்னும் ஈரத்துணியோடுதான். ஆனால் உறுமல் திரும்பி வந்திருக்கிறது. போன வாரம் எரிவாயு உருளை கொண்டுவந்தவரைப் பார்த்து, கூடத்தில் நின்றபடி நன்றாகக் கேட்கும்படி உறுமியது. “அண்ணா, அங்கேயே வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டு, உருளையை நானே உள்ளே உருட்டிக்கொண்டு வந்தேன்.