டெக்சாஸ் போனாலும் 279

குழு: வீட்டுக்காரங்க எல்லாரும்

காலை 6:48
நிலா: பெரியப்பா, சுமதி அத்தை, கார்த்தி அண்ணா, முழிச்சாச்சா? வெள்ளிக்கிழமை காலேஜ்ல விவாதம். தலைப்பு: "துணை அதிபர் வேட்பாளர் தேர்வே அமெரிக்கத் தேர்தலைத் தீர்மானிக்கிறது". நான் ஆதரிச்சுப் பேசணும். 2024ல கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரா டிம் வால்ஸுக்குப் பதிலா பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷபிரோவை எடுத்திருந்தா அந்த மாநிலம் கிடைச்சிருக்கும், ஜெயிச்சிருப்பாங்கன்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

காலை 6:55
கார்த்தி: அதுல ஆரம்பிக்காதே. எதிரணி ஒரே கூட்டல்ல முடிச்சிடுவாங்க. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனைன்னு எலக்டோரல் ஓட்டு இருக்கு, பொதுவா அங்க ஜெயிச்சவருக்கே முழுசும் போகும். ஹாரிஸ் வாங்கினது 226. பென்சில்வேனியாவுக்கு 19. மொத்தம் 245. வேண்டியது 270.

கார்த்தி: மிச்சிகன் 15, விஸ்கான்சின் 10 ரெண்டும் கூடவே வந்தாத்தான் சரியா 270. பென்சில்வேனியாவுல தோத்தது சுமார் 1,20,000 ஓட்டுல, மிச்சிகன்ல 80,000, விஸ்கான்சின்ல 29,000. பென்சில்வேனியா வித்தியாசம் 1.7 சதவீதம்தான். செல்வாக்குள்ள கவர்னரா ஷபிரோ அதை ஈடுகட்டியிருப்பார்னு பேச இடமிருக்கு. மத்த ரெண்டு மாநிலத்துலயும் அதையே செஞ்சிருப்பார்னு சொல்ல என்ன ஆதாரம்?

காலை 6:58
நிலா: அப்போ சொந்த மாநில வாதமே வேண்டாமா அண்ணா? 1960ல துணை அதிபருக்கு நின்ன ஜான்சன்தான் கென்னடிக்கு டெக்சாஸை வாங்கிக் கொடுத்தார்னு எல்லா இடத்துலயும் இருக்கே.

காலை 7:10
பெரியப்பா: அது உண்மைதான்மா. ஆனா சொல்ற விதம் சரியா இருக்கணும். 1952, 1956 ரெண்டுலயும் டெக்சாஸ் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் ஐசனோவர் பக்கம் போயிருந்தது. கென்னடி கத்தோலிக்கர், வடகிழக்குக்காரர். தெற்குல இருந்த பிராட்டஸ்டன்ட் ஜனங்களுக்கு அவர் மேல நம்பிக்கை இல்லை. ஜான்சன் டெக்சாஸ் செனட்டர் மட்டும் இல்லை, செனட்ல பெரும்பான்மைக் கட்சித் தலைவர். தெற்குல ஒவ்வொரு கவர்னரையும் செனட்டரையும் பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்குப் பழக்கம். தனி ரயில் பிடிச்சு தெற்கு முழுக்கச் சுத்தினார். டெக்சாஸ்ல சுமார் 46,000 ஓட்டு வித்தியாசம், 24 எலக்டோரல் ஓட்டு.

பெரியப்பா: இப்போ கணக்கைப் பாரு. கென்னடிக்கு மொத்தம் 303. டெக்சாஸைக் கழிச்சாலும் 279. அப்பவும் ஜெயிச்சிருப்பார்! அதனால "டெக்சாஸ்தான் ஜெயிக்க வெச்சது"ன்னு சொன்னா தப்பு. வட கரோலினாவோட 14ஐயும் சேர்த்துக் கழிச்சா 265. அங்கதான் பெரும்பான்மை போகுது. ஜான்சனோட பலன் ஒரு மாநிலத்துல இல்லை, ஒரு பிராந்தியத்துல. அதுலயும் அவரால எத்தனை ஓட்டு, டெமாக்ரடிக் கட்சியோட பழைய பிடியால எத்தனைன்னு யாராலயும் பிரிச்சுக் காட்ட முடியாது. பேசும்போது அதையும் ஒத்துக்கோ, உன் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

காலை 7:14
நிலா: 279ங்கறது எனக்குத் தோணவே இல்லை பெரியப்பா.

காலை 7:16
கார்த்தி: எதிரணி கட்டாயம் 1988ஐ எடுப்பாங்க, தயாரா இரு. அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் 1960ஐ அப்படியே திருப்பிப் பண்ணப் பார்த்தார். அவர் மாசசூசெட்ஸ், துணை அதிபருக்கு டெக்சாஸ் செனட்டர் லாய்ட் பென்ட்சன். டெக்சாஸ் சட்டப்படி ஒருத்தர் ஒரே நாள்ல செனட்டுக்கும் துணை அதிபருக்கும் நிக்கலாம். ஜான்சனுக்காகவே 1959ல மாத்தின சட்டம் அது. பென்ட்சனும் ரெண்டுலயும் நின்னார்.

கார்த்தி: முடிவு என்ன தெரியுமா? அதே நாள், அதே டெக்சாஸ் ஜனங்க, பென்ட்சனை 59 சதவீதம் குடுத்து செனட்டுக்கு அனுப்பினாங்க. அதிபர் சீட்டுல எதிர்த்து நின்ன அப்பா புஷ்ஷுக்கு 56 சதவீதம். பென்ட்சனை அவங்களுக்குப் பிடிக்கும். ஆனா அதிபர் ஓட்டை மேல இருக்கற பேரைப் பார்த்துத்தான் போடறாங்க. புஷ்ஷும் டெக்சாஸ்காரர்ங்கறதையும் கணக்குல எடுத்துக்கணும்.

கார்த்தி: இன்னொண்ணு, 2004ல துணை அதிபருக்கு நின்ன ஜான் எட்வர்ட்ஸ், வட கரோலினா செனட்டர். 2000ல அவர் இல்லாதப்போ மகன் புஷ் அங்க 12.8 சதவீத வித்தியாசத்துல ஜெயிச்சார். 2004ல அவரே போட்டியில இருந்தும் 12.4. 2012ல விஸ்கான்சின்காரர் பால் ரயனைத் துணை அதிபருக்கு வெச்சும் ராம்னிக்கு அந்த மாநிலம் கிடைக்கலை.

காலை 7:21
சுமதி அத்தை: சொந்த மாநிலம்னதும் ஒரு சட்டச் சிக்கல் இருக்கு, யாரும் சொல்லலை. 12ஆவது சட்டத் திருத்தம், 1804. ஒரு மாநிலத்தோட தேர்வாளர்கள், அதாவது எலக்டோரல் ஓட்டு போடறவங்க, அதிபருக்கு ஒண்ணு, துணை அதிபருக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டு போடறாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேற மாநிலத்துக்காரரா இருக்கணும். ஒரே மாநிலத்துக்காரங்க ஜோடியா நிக்கக் கூடாதுன்னு பல பேர் சொல்லுவாங்க, அது தப்பு. நிக்கலாம். அவங்க சொந்த மாநிலத் தேர்வாளர்கள்தான் ரெண்டு பேருக்கும் போட முடியாது.

நிலா: நடைமுறையில இது எப்பவாவது வந்திருக்கா அத்தை?

காலை 7:29
சுமதி அத்தை: 2000. புஷ் டெக்சாஸ் கவர்னர். அவரோட துணை அதிபர் வேட்பாளர் டிக் செனியும் அப்போ டெக்சாஸ்லதான் குடியிருந்தார். ஜூலை 21 அன்னைக்கு வயோமிங் போய் வாக்காளர் பதிவை மாத்தினார், 25 அன்னைக்கு அறிவிப்பு வந்தது. வயோமிங்குக்காக இல்லை, அதுக்கு 3 ஓட்டுதான். டெக்சாஸோட 32ஐக் காப்பாத்தறதுக்காக. அந்த வருஷம் அவங்களுக்கு மொத்தமே 271தான். டெக்சாஸ் தேர்வாளர்கள் புஷ்ஷுக்குப் போட்டு செனிக்குப் போடாம விட்டிருந்தா செனிக்கு 239. பெரும்பான்மை இல்லைன்னா துணை அதிபரை செனட் தேர்ந்தெடுக்கணும். புது செனட் 50க்கு 50! வழக்கும் போட்டாங்க, தள்ளுபடி ஆச்சு. 2024லயும் டிரம்ப்புக்குத் துணை அதிபர் வேட்பாளரா மார்கோ ரூபியோ பேர் அடிபட்டப்போ இதே பிரச்சினை வந்தது. டிரம்ப்பும் ஃபுளோரிடா, அவரும் ஃபுளோரிடா, அங்க 30 ஓட்டு.

காலை 7:33
நிலா: சரி. மாநிலத்தைக் கொண்டு வர மாட்டாங்கன்னா நான் எதை வெச்சு ஆதரிச்சுப் பேசறது?

காலை 7:45
பெரியப்பா: அவர் எத்தனை ஓட்டு கொண்டு வர்றார்னு கேக்காதே. அவரைத் தேர்ந்தெடுத்ததால மேல இருக்கறவரைப் பத்தி ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னு கேளு. அதிபர் வேட்பாளர் அதுவரைக்கும் வாக்குறுதிதான் குடுத்திருப்பார். ஜனங்க கண்ணு முன்னாடி அவர் எடுக்கற முதல் பெரிய முடிவு இது. முடிவு நல்லா இருந்தா ஓட்டு அதிகம் கூடறதில்லை. கெட்டுப்போனா "இவர் புத்தி இவ்வளவுதானா"ன்னு ஆகிடும். லாபம் சின்னது, நஷ்டம் பெரிசு. உன் பேச்சோட முதுகெலும்பு இதுதான்.

பெரியப்பா: 2008 மெக்கெய்ன். வயசு 72, அதனால பக்கத்துல இருக்கறவர் யாருங்கற கேள்விக்கு எடை கூட. ஆகஸ்ட் 29 துணை அதிபர் வேட்பாளரா சாரா பேலினை அறிவிச்சார். முதல் பத்து நாள் கட்சித் தொண்டர்கள்கிட்ட பெரிய எழுச்சி, கருத்துக் கணிப்புல மெக்கெய்ன் முன்னுக்கே வந்தார். செப்டம்பர் 15 லேமன் வங்கி விழுந்தது. அந்த மாசக் கடைசியில பேலின் டிவி பேட்டியில தடுமாறினாங்க. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவங்கள்ல பத்துக்கு ஆறு பேர் அவங்களுக்கு அதிபராகிற தகுதி இல்லைன்னு சொன்னாங்க. ஒபாமா ஜெயிக்கப் பொருளாதாரம்தான் பெரிய காரணம், அதை மறைக்காதே. ஆனா காலின் பவல், மெக்கெய்னோட கட்சிக்காரரே, ஒபாமாவை ஆதரிச்சப்போ பேலின் தேர்வையும் மெக்கெய்னோட முடிவெடுக்கும் திறனையும் சேர்த்தே காரணமாச் சொன்னார்.

காலை 7:49
கார்த்தி: அப்பா, மெக்கெய்னோட பலமான வாதமே ஒபாமாவுக்கு அனுபவம் இல்லைங்கறதுதான். அனுபவம் குறைஞ்ச பேலினை எடுத்ததும் அதைப் பேசவே முடியாமப் போச்சு. அதையும் சேர்த்துக்கோ நிலா.

காலை 7:50
பெரியப்பா: ஆமா, ரொம்ப முக்கியம். தன் பிரச்சாரத்தோட மையக் கருத்தை உடைக்கிற ஆளை எடுக்கக் கூடாது. 1992ல கிளிண்டன் நேர்மாறாப் பண்ணார். ஜோடின்னா ஒருத்தர் வடக்கு, ஒருத்தர் தெற்கு, ஒருத்தர் மூத்தவர், ஒருத்தர் இளையவர்னு சமன்படுத்தணும்னு பழைய விதி. அவரோ தன்னைப் போலவே நாற்பதுகள்ல இருக்கற தெற்குக்காரர் அல் கோரை எடுத்தார். "புதுத் தலைமுறை"ங்கற சேதி இரட்டிப்பாச்சு.

காலை 7:52
நிலா: டிரம்ப் எடுத்த மைக் பென்ஸ்?

காலை 7:53
கார்த்தி: அது பழைய வகைச் சமன்பாடு. 2016ல டிரம்ப்பை நம்பத் தயங்கின எவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களுக்கும் கட்சிக்காரங்களுக்கும் ஒரு உத்தரவாதம். தன் வீட்டு ஓட்டே சிதறாமப் பார்த்துக்கறதுக்கு.

காலை 8:04
சுமதி அத்தை: நிலா, கெட்டுப்போறது எப்படின்னு சொல்லாம விட்டா பேச்சு பாதிதான். மாப்பிள்ளை பார்க்கும்போது விசாரிப்போமே, அதே மாதிரி ஒரு நடைமுறை இருக்கு. 1976ல கார்ட்டர்தான் அதை ஒழுங்காப் பண்ணார், நிதானமா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசி மாண்டேலை எடுத்தார். இப்போ பொதுவா இப்படித்தான்: முதல்ல பெரிய பட்டியல், அவங்களுக்கே தெரியாம, பத்திரிகையில வந்தது, கோர்ட் பதிவு, சட்டசபையில போட்ட ஓட்டு எல்லாம் அலசுவாங்க. அப்புறம் நாலஞ்சு பேராச் சுருக்கி, சம்மதம் வாங்கி, நீளமான கேள்வித்தாள் குடுப்பாங்க. பல வருஷ வருமான வரிக் கணக்கு, மருத்துவப் பதிவு, கடன், முதலீடு, பழைய கட்சிக்காரர்கள், வாழ்க்கைத் துணையோட தொழில். வக்கீல்கள் மணிக்கணக்கா உக்கார வெச்சுக் கேப்பாங்க. கடைசியில வேட்பாளர் நேர்ல சந்திப்பார்.

சுமதி அத்தை: (கட்சிக்காரர்னா கிளையன்ட்டைச் சொல்றேன், அரசியல் கட்சி இல்லை.)

சுமதி அத்தை: துணையோட தொழில்னு சொன்னேனே, 1984 ஜெரால்டின் ஃபெராரோ அதுலதான் மாட்டினாங்க. பெரிய கட்சி ஒண்ணுல துணை அதிபருக்கு நின்ன முதல் பெண், ஜூலையில அவ்வளவு உற்சாகம். ஆகஸ்ட் பூரா கணவரோட ரியல் எஸ்டேட், வரிக் கணக்குன்னே போச்சு. அந்த மாசம் பிரச்சாரத்துக்கு எவ்வளவு விலை மதிப்புள்ளதுன்னு நினைச்சுப் பாரு.

காலை 8:08
நிலா: 1972ஐயும் சொல்லணும்ல? ஈகிள்டன்.

காலை 8:17
சுமதி அத்தை: அதுதான் எல்லாத்துக்கும் பாடம். நிக்சனை எதிர்த்து நின்ன மெக்கவர்ன், துணை அதிபருக்கு நிக்க எட்வர்ட் கென்னடி சம்மதிப்பார்னு கடைசி வரைக்கும் காத்திருந்தார். ஜூலை 13, மாநாட்டுல பேர் குடுக்கக் கெடு அன்னைக்குச் சாயங்காலம் 4 மணி. பல பேர் மறுத்து, கடைசி நிமிஷத்துல மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டன். மறைக்கறதுக்கு ஏதாவது இருக்கான்னு போன்ல ஒரு கேள்வி, இல்லைன்னு ஒரு பதில். மன அழுத்தத்துக்காக 1960, 1964, 1966ல மூணு தடவை ஆஸ்பத்திரியில இருந்ததும், ரெண்டு தடவை மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்ததும் அப்புறம்தான் தெரிஞ்சது. மெக்கவர்ன் முதல்ல "1,000 சதவீதம் அவர் பக்கம்"னார். ஜூலை 31 விலக வெச்சார். 18 நாள். நோய் வந்தது ஈகிள்டனோட குற்றம் இல்லை, அந்தக் காலத்துல அதைச் சொல்லவே பயந்தாங்க. ஆனா மெக்கவர்னோட சொல்லுக்கு மதிப்பு போச்சு.

காலை 8:20
கார்த்தி: அத்தை, நிக்சன் அந்த வருஷம் 520, மெக்கவர்ன் 17. ஈகிள்டன் இல்லாட்டியும் தோல்விதான். "தீர்மானிக்கிறது"ன்னு தலைப்பு இருக்கறப்போ இதை உதாரணமாக் குடுத்தா அடிபடும்.

காலை 8:23
சுமதி அத்தை: தோல்வி நிச்சயம்தான் கார்த்தி, ஒத்துக்கறேன். ஆனா நேர்மையானவர்ங்கறதுதான் அவரோட ஒரே முதலீடு. அது ஆகஸ்ட்லயே கரைஞ்சது. அதுக்கப்புறம் பிரச்சாரத்துல எடுத்துக் காட்ட எதுவும் மிஞ்சலை. நிலா, "முடிவை மாத்தினது"ன்னு சொல்லாதே, "மீளற வழியை அடைச்சது"ன்னு சொல்லு.

சுமதி அத்தை: இன்னொரு ஆபத்து ரகசியம். பேர் வெளியே கசியக் கூடாதுன்னு அந்த ஊர்க்காரங்க, பழைய உதவியாளர்கள், உள்ளூர் நிருபர்கள் யாரையும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த ஆளை நல்லாத் தெரிஞ்சவங்க அவங்கதான். அறிவிச்ச மறுநாள் பத்திரிகைக்காரங்க அவங்ககிட்டதான் போவாங்க. அவசரம் வேற. பைடன் அதிபர் போட்டியிலேர்ந்து விலகினது 2024 ஜூலை 21, வால்ஸ் அறிவிப்பு ஆகஸ்ட் 6. ஹாரிஸுக்குக் கிடைச்சது 16 நாள்.

காலை 8:31
பெரியப்பா: கடைசியா ஒண்ணு. தேர்தல் நாளோட இந்தத் தேர்வு முடியறதில்லை. 9 துணை அதிபர்கள் பாதியிலேயே அதிபர் ஆனாங்க: எட்டு பேர் அதிபர் இறந்ததால, ஃபோர்டு மட்டும் நிக்சன் ராஜினாமாவால. 1944ல அதிபர் ரூஸ்வெல்ட் உடம்பு எப்படி இருக்குன்னு கட்சித் தலைவர்களுக்குத் தெரியும். அதனாலதான் அப்போ துணை அதிபரா இருந்த வாலஸை மாத்திட்டு ட்ரூமனைக் கொண்டு வந்தாங்க. பதவியேத்து 82ஆவது நாள் ட்ரூமன் அதிபர். அணுகுண்டு முடிவு அவர் கையில போச்சு.

பெரியப்பா: ஹாரிஸும் அப்படித்தான். அம்மா சியாமளா சென்னைக்காரர், திருவாரூர் பக்கம் துளசேந்திரபுரம் பூர்வீகம்னு 2020ல நம்ம ஊரே கொண்டாடினோம். 2020 ஆகஸ்ட்ல பைடன் எடுத்த முடிவு, 2024 ஜூலையில கட்சிக்கு வேற அதிபர் வேட்பாளரைத் தேட நேரமே இல்லாத நிலைமையில அவங்களை முன்னால நிறுத்தினது. துணை அதிபர் தேர்வு தீர்மானிச்சது அடுத்த தேர்தலைன்னு நீ வாதிட்டா, அதை உடைக்கிறது சுலபம் இல்லை.

காலை 8:34
நிலா: அதையே முதல் பாயின்ட்டா வெக்கறேன் பெரியப்பா! அடுத்து பேலின், அப்புறம் 1960. டெக்சாஸ் போனாலும் 279, வட கரோலினாவும் போனா 265, 270க்குக் கீழே. சரியா?

காலை 8:36
பெரியப்பா: 270 இல்லைம்மா, 1960க்கு 269. அப்போ எலக்டோரல் ஓட்டு மொத்தம் 537தான், ரெண்டு சபையோட உறுப்பினர் எண்ணிக்கை அளவுக்கு. அலாஸ்காவும் ஹவாயும் புதுசாச் சேர்ந்ததால கீழ்ச்சபை தற்காலிகமா 437, செனட் 100. வாஷிங்டன் டி.சி.க்கு ஓட்டு வந்தது 1961ல 23ஆவது திருத்தத்துக்கு அப்புறம். அட்டையில திருத்தி எழுதிக்கோ.

காலை 8:37
நிலா: திருத்திட்டேன்.